வலது கட்டைவிரல் வைக்காதவன்

மதிய நேரம்தான். ஆனால் ப்ரிமர் கவுண்டியில் குளிர்காலத்து மதியத்துக்கும் அந்திக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கெண்டக்கி மலைகள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கும். நடுவே மிஞ்சுகிற துண்டு வானத்தையும் பனிமூட்டம் தின்றுவிடும். வெர்லீன் ஃபேனின் தன் வண்டியை நீதிமன்றத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். உடனே இறங்காமல் கண்ணாடி வழியாக எதிரே இருந்த பழைய சிறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் வீடு, பின்னால் சிறை, இரண்டுக்கும் ஒரே கூரை. அந்தக் காலத்தில் ஜெயிலர் குடும்பத்தோடு முன்பக்கம் குடியிருப்பார். அவர் மனைவி சமைப்பதைத்தான் பின்பக்கம் அடைபட்டவர்கள் சாப்பிட்டார்கள். இப்போது கைதிகளைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். வீடு, போலீஸ் பதிவுகள் கேட்டு வருபவர்களுக்கான அலுவலகமாகிவிட்டது. வாசல் சன்னலில் மட்டும் இன்னும் வீட்டுத் திரைச்சீலைதான் தொங்கியது.

வெர்லீன் இந்தப் படிகளில் ஏறுவது முதல் தடவையல்ல. தலை நரைக்காத காலத்திலிருந்தே, அண்ணன் ஹாஸ்கலின் பதிவைக் கேட்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே, பழைய சமையலறைதான் வரவேற்பு மேசை இருக்கும் இடம். அடுப்பு இருந்த மூலையில் நகல் எடுக்கும் இயந்திரம் இருந்தது. பின்சுவரில், இடுப்பு உயரத்தில், இரும்புக் கதவு போட்ட ஒரு சின்னத் திறப்பு. அந்தச் சாப்பாட்டுச் சன்னல் வழியாகத்தான் தகரத் தட்டுகள் அறைகளுக்குள் போகும், வரும். அதன்மேல் பச்சைப் பெயின்ட்டைப் பூசிப் பூசி, கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

மேசைக்குப் பின்னால் கெய்லா சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

"வந்துட்டீங்களா மிஸ் வெர்லீன். இந்தப் பனியில கவர்னர்கூட வெளிய வரமாட்டார். நீங்க வந்துருவீங்க."

"கவர்னரோட அண்ணன் காணாமப் போகலையே, கண்ணு."

கெய்லா பெருமூச்சு விட்டாள். "திரும்பத் திரும்ப இதையே சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அடுத்தவங்க பதிவு வேணும்னா அவங்க கையெழுத்து வேணும். இல்லேன்னா அவங்க இறந்ததுக்குச் சான்றிதழ் வேணும்."

"செத்துட்டான்னு சான்றிதழ் கேட்டா, உயிரோட வெளிய விட்டாச்சுங்கறீங்க. உயிரோட இருந்தா எங்கேன்னு கேட்டா, எங்களுக்கு எப்படித் தெரியும்ங்கறீங்க."

"நான் சொல்லல. எங்க ஜெயிலர் ஓடெல் சொல்றார்."

"சரி, விடு. இன்னைக்கு அவனோடதைக் கேக்க வரல. என்னோடதைக் கேக்க வந்தேன்."

கெய்லாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "உங்களுக்கு என்ன பதிவு இருக்கப் போகுது? சர்ச்சுல எல்லாருக்கும் ஆப்பிள் பை சுட்டுக் குடுக்கறவங்க நீங்க."

"பை சுடக் கத்துக்கறதுக்கு முன்னால லாரி மறிச்சிருக்கேன்."

அது பெரிய சுரங்க வேலைநிறுத்தம் நடந்த வருடம். நிலக்கரி லாரிகளைப் போகவிடாமல் ஆண்களும் பெண்களும் சாலையில் படுத்தார்கள். ஹாஸ்கலையும் வெர்லீனையும் ஒரே வண்டியில் இங்கே கொண்டுவந்தார்கள். அவனைக் கீழே கடைசி அறையில் போட்டார்கள். அவளை இந்தச் சமையலறைக்கு நேர் மேலே, மாடி அறையில் வைத்துப் பூட்டினார்கள். பலகைத் தரை என்பதால் கீழே ஸ்பூன் விழுந்தாலும் மேலே கேட்கும்.

ஜெயிலரின் மனைவி ஐடாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட்டு முடித்தவன் தட்டைச் சன்னலுக்குள் தள்ளி, இரும்பில் விரல் கணுவால் ஒரு தடவை தட்டினால், 'போதும்' என்று அர்த்தம். இரண்டு தடவை தட்டினால், 'இன்னும் வேண்டும்'. கேட்டவனுக்கு ஐடா இல்லையென்று சொன்னதே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்படியில் இருந்தது அவள் கணவனும் மகன் ஓடெலும்.

மேலே படுத்திருந்த வெர்லீனுக்குக் கேட்டது. இரண்டு தட்டல். அண்ணன்தான். அவன் வயிற்றுக்கு அடியே இல்லை என்று வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. வேண்டுமென்றே விடாமல் தட்டுகிறான் என்று அவளுக்கு இருட்டில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு கதவு திறந்தது. கனமான எதுவோ விழுந்தது.

அதற்குப் பிறகு தட்டல் இல்லை.

காலையில் ஓடெல் வந்து, "உன் அண்ணனை அப்பவே விட்டாச்சு" என்றான். அவளையும் விட்டார்கள். ஹாஸ்கல் வீட்டுக்கு வரவில்லை. வேலைநிறுத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு எழுந்தது. மாநில விசாரணைக்காரர்களிடம் வெர்லீன் தான் கேட்டதைச் சொன்னபோது, கவுண்டி நிர்வாகம் ஒரே வரியில் பதில் எழுதியது: இந்தச் சிறையில் பெண்களை ஒருபோதும் வைத்ததில்லை, வெர்லீன் ஃபேனின் அன்று இங்கே இல்லவே இல்லை. இல்லாத பெண்ணுக்கு எது கேட்டிருக்கும்?

போன இலையுதிர்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். மலைமேல் குடும்ப இடுகாட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறது. "அதை வேற யாருக்கும் குடுத்துடாதே" என்பதுதான் அம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசியது.

ஒருவர் தன் சொந்தப் பதிவைக் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. கைரேகை வைத்தால் போதும். கைதாகி உள்ளே வந்தபோது எடுத்த ரேகை மாநிலத் தலைநகருக்குப் போயிருக்கும்; அன்று அவள் இங்கே இருந்தாள் என்று அங்கே ஒரு காகிதம் இருந்தாக வேண்டும். அது கையில் வந்தால், அவள் சாட்சி.

"கண்ணாடியில வைக்கிற மெஷின் ரிப்பேரு" என்றாள் கெய்லா. "மைதான். கை அழுக்காகும்."

"நிலக்கரி ஊர்ல பொறந்தவகிட்ட அழுக்கைப் பத்திப் பேசுறியா?"

கெய்லா சிரித்தபடி மைப்பலகையில் உருளையை ஓட்டினாள். அட்டையைச் செருகினாள். வெர்லீனின் இடது கையைப் பிடித்தாள்.

"தளர விடுங்க. நீங்க உதவி பண்ணக் கூடாது. நான்தான் உருட்டணும்."

முதல் விரல் உருண்டது. கெய்லா குனிந்து பார்த்தாள். துணியை எடுத்துத் தன் விரலைத் துடைத்துக்கொண்டாள். வேறு அட்டை எடுத்தாள்.

"என்ன?"

"பெரிசா விழுது. மை அதிகமாயிடுச்சு போல."

இரண்டாவது அட்டையிலும் பெரிதாகத்தான் விழுந்தது. வெர்லீனின் விரல் மெலிந்தது. அட்டையில் இருந்ததோ அகன்ற, தடித்த ரேகை. சுட்டுவிரல் ரேகையின் குறுக்கே, மேலிருந்து கீழாகச் சாய்வாக, மை படாத வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை போல.

வெர்லீன் தன் சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் எந்தத் தழும்பும் இல்லை.

அந்தத் தழும்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பலகை அறுக்கும்போது ரம்பம் பாய்ந்த விரல். ரத்தம் நிற்காமல் ஓட, தன் தலைத்துணியைக் கிழித்து அந்த விரலைக் கட்டியவள் அவள்தான்.



"ஓடெல்" என்று கெய்லா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இதைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

ஓடெல் க்ராப்ட்ரீ வந்தான். அப்பனுக்குப் பிறகு அதே ஜெயிலர் பதவிக்கு நின்று, ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தவன். இப்போது கைதிகள் இல்லை, அறைகளில் அடுக்கிய பதிவுப் பெட்டிகளுக்குத்தான் அவன் காவல். இடுப்பில் சாவிக்கொத்து இன்னும் தொங்கியது.

"என்ன வெர்லீன், இன்னும் அலுக்கலையா உனக்கு?"

"உனக்கு அலுத்துப்போச்சுன்னா சொல்லு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டா நான் ஏன் வரப்போறேன்?"

"இந்தப் பசங்களுக்கு உருட்டவே தெரியாது" என்று அவன் கெய்லாவைத் தள்ளிவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். "கட்டைவிரலை உடம்புப் பக்கம் உருட்டணும், மத்த விரலை வெளிப்பக்கம். இந்தக் கவுண்டியில பாதிப் பேர் கையை நான் உருட்டியிருக்கேன்."

அவன் அவள் கையைப் பற்றினான்.

பற்றியதும் அவன் முகம் மாறியது.

வெர்லீனுக்கும் தெரிந்தது. அவள் கை அவளுடையதாக இல்லை. தண்ணீரில் ஊறிய கட்டை போல் கனத்தது. தோளிலிருந்து விரல்வரை, தோலுக்குள்ளே, கல் தரையில் நெடுங்காலம் கிடந்ததுபோன்ற ஒரு குளிர் இறங்கியது. உதறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர விட்டாள்.

உதவி பண்ணக் கூடாது. அவன் உருட்டட்டும்.

ஓடெல் உருட்டினான். சாய்ந்த வெள்ளைக் கோடு. இன்னோர் அட்டை. அதே கோடு.

அறையில் எங்கிருந்தோ அவித்த பீன்ஸும் வெங்காயமும் மணத்தது. இரும்புச் சட்டியில் சோளரொட்டி சிவக்கும் வாசனையும் சேர்ந்து வந்தது. அந்த அறையில் அடுப்பை எடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது.

"யாராவது சூடு பண்றாங்களா?" என்றாள் கெய்லா மெதுவாக.



"அட்டை கெட்டுப்போச்சு" என்றான் ஓடெல். அவன் குரல் தேய்ந்திருந்தது. "நாளைக்கு வா."

"விழுந்ததை அனுப்பு கெய்லா" என்றாள் வெர்லீன். "என் முன்னாலதான் விழுந்துச்சு. என் கைதான். அனுப்பு."

"அனுப்பாதே."

கெய்லா இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் விரல்களில் மை காயாமல் இருந்தது. அட்டையைத் தலைநகருக்கு அனுப்பும் இயந்திரத்தின் வாயில் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

பதில் வரும்வரை வெர்லீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சாலையில் உட்கார்ந்த அதே மாதிரி, முழங்கால்மேல் கை, நிமிர்ந்த முதுகு. வெளியே பனி சன்னலை மூடிக்கொண்டே வந்தது. ஓடெல் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

இயந்திரம் ஒரு காகிதத்தைத் துப்பியது. கெய்லா அதை எடுத்து, வழக்கம்போலச் சத்தமாகப் படித்தாள்.

"பெயர், ஹாஸ்கல் லீ ஃபேனின். கைதான இடம், ப்ரிமர் கவுண்டி. தற்போதைய நிலை…" அங்கே நிறுத்தினாள்.

"படி, கண்ணு."

"காவலில் உள்ளார். ப்ரிமர் கவுண்டிச் சிறை."

"கம்ப்யூட்டர் தப்பு" என்றான் ஓடெல்.

வெர்லீன் எழுந்தாள். "அன்னைக்குக் காலையில என்னை விடும்போது என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா? என் வலது கட்டைவிரல்ல மை தடவி வெச்சு வாங்கினே. வெளிய போறவன் கட்டைவிரல் வெக்காம ஜெயிலர் கதவைத் திறக்கக் கூடாது. உங்கப்பா அதுல கறார். அந்த ரேகை தலைநகருக்குப் போனாத்தான் அங்க விடுதலைன்னு எழுதுவாங்க. என்கிட்ட வாங்கினே. அதைக்கூட நான் இங்க இல்லவே இல்லைன்னு சொல்றதுக்காக ஒளிச்சுட்டே. என் அண்ணன்கிட்ட வாங்கினியா ஓடெல்?"

அவன் கை இடுப்புச் சாவிக்கொத்தைப் பற்றியது.

"செத்தவன் விரலைத் தொடப் பயந்துட்டே. அவ்வளவுதானே?"

அப்போதுதான் அது கேட்டது.

சாப்பாட்டுச் சன்னலுக்குப் பின்னாலிருந்து. இரும்பில், கணுவால்.

இரண்டு.

"அந்தப் பக்கம் பெட்டிங்கதான் இருக்கு" என்றாள் கெய்லா. கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "சாவி உங்ககிட்டதான் இருக்கு, ஓடெல். உள்ள யாரு?"

இரண்டு.

ஓடெல் பின்னால் நகர்ந்தான். முதுகு நகல் இயந்திரத்தில் இடித்தது.

"ஐடா இருந்தா இந்நேரம் போட்டிருப்பா" என்றாள் வெர்லீன். அவள் கால் முன்னால்தான் போனது.  சன்னலருகே குனிந்து, காயாத மை படிந்த கையைப் பச்சை இரும்பின்மேல் வைத்தாள். "ஹாஸ்கல். நான் மேலதான் இருந்தேன். எனக்குக் கேட்டுச்சு."

பெயின்ட் விரிசல் விட்டது.

வீட்டுக் கதவு திறப்பதுபோல், சத்தமே இல்லாமல், இரும்பு உள்பக்கமாகத் திறந்தது. பெட்டிகளின் இருட்டு. ஈரக் கல்லின் நாற்றம். அந்த இருட்டிலிருந்து ஒரு தகரத் தட்டு மெல்ல ஊர்ந்து வெளியே வந்து, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. காலித் தட்டு. விளிம்பில் நான்கு விரல்களின் மைத்தடம், ஈரமாகப் பளபளத்தது. அதில் ஒன்றின் குறுக்கே சாய்ந்த கோடு.

கெய்லா அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தட்டிக்கிட்டே இருந்தான்" என்றான் ஓடெல். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. அவன் கண் தட்டைவிட்டு நகரவில்லை. "வேணும்னே தட்டுறான்னு அப்பாவுக்குக் கோவம். போய் நிறுத்துடான்னார். நான் போனேன். நிறுத்தத்தான் போனேன்."

"எங்க?"

"கடைசி ரூம்ல. சிமென்ட்டுக்குக் கீழ."

வெர்லீன் கையை நீட்டினாள். அவன் சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதைக் கெய்லாவின் முன்னால் மேசையில் போட்டாள். சன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, "மாநிலப் போலீசைக் கூப்பிடு" என்றாள். "அவங்க வர்றவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். லாரியே ஏத்தினாலும் சரி."

அவள் எழுந்திருக்கவில்லை. செய்தி பரவி, அன்று சாலையில் படுத்த பெண்களில் உயிரோடு இருந்தவர்கள் போர்வையும் காபியும் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சிமென்ட்டை உடைத்து, இருந்ததை வெள்ளைத் துணியில் தூக்கியபோது, சாப்பாட்டுச் சன்னலில் ஒரே ஒரு தட்டல் கேட்டதாக எல்லாரும் சொன்னார்கள்.

ஒன்று. போதும்.

அம்மாவுக்குப் பக்கத்து இடம் நிறைந்தது. ஓடெல் பக்கத்து ஊரில் கம்பிக்குப் பின்னால் இருந்தான். இடுகாட்டிலேயே பந்தி போட்டு, பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறினார்கள். வெர்லீன் எல்லாருக்கும் கேட்காமலேயே இரண்டாவது தடவை போட்டாள்.

வசந்தம் வந்து டாக்வுட் மரங்கள் பூக்கிற சமயத்தில் ஒரு நாள் காலை, அவள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது.

"மிஸ் வெர்லீன்." கெய்லாதான். சூயிங்கம் மெல்லும் சத்தம் இல்லை. "உங்க அண்ணனைத்தான் கொண்டுபோயிட்டீங்களே."

"ஆமா. ஏன்?"

"அப்ப இது யாரு?"

வெர்லீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு பெரியவர் வந்திருக்கார்" என்று கெய்லா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவரோட அக்கா பதிவு வேணும்னு கேட்டார். இங்க பொம்பளைங்களை வெச்சதே இல்லைன்னு எங்க ஆளுங்க அவருக்கும் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காங்க. சரி, உங்களோடதையாவது எடுப்போம்னு அவர் கையைப் பிடிச்சு உருட்டினேன். அவர் மரம் வெட்டுறவர், மிஸ் வெர்லீன். கை முறம் மாதிரி இருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "அட்டையில சின்னச் சின்ன விரலா விழுந்திருக்கு. அது ஆம்பளை விரலே இல்ல."

வெர்லீன் அடுப்பை அணைத்தாள். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

"அவரை உக்கார வை. காபி குடு. யார் எழுந்து போகச் சொன்னாலும் போக வேண்டாம்னு சொல்லு. நான் வந்துகிட்டே இருக்கேன்."

"சீக்கிரம் வாங்க."

கெய்லாவின் மூச்சுக்குப் பின்னால், தூரத்தில், இரும்பில் கணு படும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

இரண்டு.

கொஞ்சம் பொறுத்து, சுவரில் வேறு எங்கிருந்தோ, இன்னும் இரண்டு.